ஏரம்பு நட்ட பனங்கொட்டை

சண்டிலிப்பாய் ஏரம்பு கையெழுத்துப் போடத் தெரியாமலே, புகையிலைப் பயிர் செய்து, ஒருவர் தயவுமில்லாமல் பனங்கூடல் எனப்படும் பனந்தோப்பு ஒன்றை வாங்கியவர். 1978ஆம் ஆண்டு மகள் வீட்டுக் கூரைக்கு நாலு பனை தறிக்க அரசாங்கத்திடம் அனுமதி கேட்டார். பார்க்க வந்த அதிகாரி, தறிக்கும் பனைகளுக்கு ஈடாக ஒரு சாக்குப் பனங்கொட்டையை இறக்கினார்.

"இதை நட்டு வளத்தெடுங்கோ. தையிலை வந்து பாத்திட்டு அனுமதி தாறன்."

அவர் போனதும் ஏரம்பு மனைவி இரத்தினம்மாவிடம் சொன்னார்: "இண்டைக்குக் கொட்டை தாறவங்கள், நாளைக்கு மரமும் தங்கடை எண்டுவாங்கள்."

ஆனாலும் பாத்தி கட்டி நட்டார். தையில் அதிகாரி வந்தபோது, முளைத்தது முழுவதையும் கிண்டி அவித்த பனங்கிழங்கு தட்டில் காத்திருந்தது.

"ஒண்டையும் வளர விடேல்லையோ ஐயா?"

"விட்டால் என்ரை காணிக்குள்ளை உங்கடை மரமெல்லோ நிக்கும். சாப்பிடுங்கோ."

அதிகாரி கிழங்கைத் தின்றுவிட்டு, அனுமதிக் கடதாசியைத் திரும்பவும் பைக்குள் வைத்தார்.

"பாத்தியே இரத்தினம், தர மனமில்லாதவன் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார் ஏரம்பு.