பெயர் வெட்டிய சம்புடம்

என் மேசைமேல் ஓர் எவர்சில்வர் சம்புடம் இருக்கிறது. மூடியில் ஒரு பெண்ணின் பெயர் வெட்டியிருக்கும். மார்க்கர் பேனாக்களைப் போட்டு வைத்திருக்கிறேன். தின்கிற பண்டம் எதையும் அதில் போட மனம் வரவில்லை. கொண்டுவந்தவர் இந்த வங்காள ஊரில் கரியாஹாட் பக்கம் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்தவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவருடைய ஒரே மகளுக்குப் பிறவியிலேயே பிட்யூட்டரி சுரப்பி சரியில்லை. அது சுரக்காத ஹார்மோனுக்குப் பதிலாகத் தினமும் மாத்திரை, காய்ச்சல் வந்தால் இரண்டு பங்கு, வாந்தி கண்டால் உடனே ஊசி. ஊசி மருந்து எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

சால்ட் லேக்கில் எங்கள் ஆய்வகத்தில், அவள் ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல் உண்டாக்கி, தட்டில் கடுகளவு சுரப்பியாக வளர்த்தோம். நோய் எப்படி வருகிறது என்று பார்க்கத்தான். யார் உடம்பிலும் வைப்பதற்கு அல்ல. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கிய அன்று அவர் கேட்டார்: "வளர்ந்தப்புறம் கொழந்தைக்கு வெச்சுடுவேளா அம்மா?" இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ இன்னொரு முறை ரத்தம் வேண்டியிருந்தது. வாயைத் திறக்காமல் சிரித்துவைத்தேன், பாவி.

செல்களுக்குத் தினமும் தீனி, அதாவது ஊட்டத் திரவம், மாற்ற வேண்டும். துர்கா பூஜை விடுமுறையெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. அஷ்டமியன்று ஊரே பந்தல் பந்தலாகச் சுற்றிக்கொண்டிருக்க, நான் ஆய்வகத்தில் கிடந்தேன். மகள் பெயர் வெட்டிய இந்தச் சம்புடத்தில் கொலுச் சுண்டலோடு அவர் வந்து நின்றார். "என் பொண்ணுக்குச் சாதம் போடறவா நீங்க, பட்டினி கிடக்கலாமோ?" எனக்கு அன்று தலைகால் புரியாத சந்தோஷம். செல்லில் மரபணுப் பிழையைத் திருத்தியிருந்தோம். முந்தின நாள்தான் ஹார்மோன் சுரந்திருந்தது. "சரியாயிடுச்சு சார், சுரக்குது!" என்றேன். சரியானது தட்டில் இருப்பது மட்டும்தான் என்று சொல்லவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

அந்தக் குளிர்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. வாந்தியில் மாத்திரை உள்ளே நிற்கவில்லை. வீட்டில் ஊசி மருந்து இல்லை. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

காரியங்கள் முடிந்த பிறகு ஒருநாள் வந்தார். திட்டுவார் என்று நின்றேன், திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். மைக்ராஸ்கோப்பில் காட்டச் சொன்னார். வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"இன்னும் சுரக்கறதா?"

"சுரக்குது சார்."

"ஊசி மருந்து பழசாயிடுத்து. புதுசா சுரப்பியே வரப்போறதே, இது எதுக்குன்னு வாங்காம இருந்துட்டேன்" என்றார், என்னைப் பார்க்காமல்.

சம்புடத்தைத் தேடி எடுத்தேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூடாது என்பார்கள். துக்க வீட்டுக்கு எதைப் போட்டுக் கொடுப்பது? வெறுமையாகவே நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இங்கேயே இருக்கட்டும் அம்மா. அவ இங்கதானே சௌக்கியமா இருக்கா."

இன்று காலையும் தீனி மாற்றினேன். அந்தச் சம்புடத்திலிருந்து பேனா எடுத்து, புதுத் தட்டின்மேல் அவளுக்குக் கொடுத்திருக்கும் எண்ணை எழுதினேன். பெயர் எழுதக் கூடாது என்பது எங்கள் ஆய்வக விதி.