பார்வதி அக்கா தேர்ந்தெடுத்த துணி

செவ்வாய்க்கிழமை காலை போர்ட் லூயிஸில் என் தையற்கடையைத் திறந்துகொண்டிருந்தேன். தெற்கிலிருந்து வரும் பேருந்தின் நடத்துநர் இறங்கிவந்து, செமின் கிரனியே ஊர்ப் பார்வதி அக்கா ஞாயிறன்று காலமாகிவிட்டார் என்றார். உட்கார்ந்து அழுதேன். பிறகு அந்தத் துப்பாக்கி நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். அவரை அறிந்த உங்களுக்கும் அப்படித்தான் ஆகியிருக்கும்.

செமின் கிரனியேயில் ஒரே கடையில், பக்கத்துப் பக்கத்து இயந்திரங்களில் பல ஆண்டுகள் தைத்தோம். எங்கள் பேச்சு தீவு மொழியான கிரெயோலில்தான். கோபம் வந்தால் மட்டும் அக்கா தமிழுக்கு மாறுவார். அவர் கணவர் வேலாயுதம் அண்ணன், கரும்புத் தோட்டத்தை ஒட்டிய மான் காட்டுக்குக் காவலர். குழல் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டு அடைக்கும் பழைய துப்பாக்கிதான் அவரிடம் இருந்தது. சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டு வந்த புதுத் தோட்ட மேலாளருக்கு அதில் நம்பிக்கையில்லை. புத்தாண்டன்று எல்லார் முன்னாலும் மூன்று முறை சுட வேண்டும், குறிப்பலகையில் குறைந்தது இரண்டு பட வேண்டும், இல்லாவிட்டால் காவல் வேலை வேறொருவருக்கு என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் சுட்டதெல்லாம் கோணலாகப் போனது. ஈயக் குண்டு குழலைவிடச் சற்றுச் சிறியது; துண்டுத் துணியில் பொதிந்துதான் அதை உள்ளே தள்ள வேண்டும். அவர் கைக்குக் கிடைத்த துணியை வைத்தார். ஒருமுறை டெரிலின் துண்டு உள்ளேயே உருகி ஒட்டிக்கொண்டது. அக்கா அன்று நிறையத் தமிழ் பேசினார்.

அடுத்த ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு காட்டோரம் போனார். அண்ணன் சுட்டதும் அக்கா பலகைப் பக்கம் திரும்பவேயில்லை. குண்டோடு வெளியே பறந்து புல்லில் விழுந்த துணியைத் தேடியெடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் கருகி ஓட்டை விழுந்திருந்தது.

"துப்பாக்கியைத் திட்டாதீர்கள். துணிதான் தாங்கவில்லை," என்றார்.

மல் துணி கிழிந்தது. கித்தான் தடித்துப்போய், குண்டு இறங்கவே மறுத்தது. கடைசியில் மெத்தை உறைக்கு வாங்கும் கோடு போட்ட பருத்தித் துணியைக் கஞ்சி போகத் துவைத்து, எண்ணெய் தடவி, வட்டமாக வெட்டிக் கொடுத்தார். சுட்ட பிறகு அது ஓரத்தில் மட்டும் பிசிறிக் கிடந்தது. குண்டு பலகையின் நடுவில் இருந்தது.

புத்தாண்டன்று முதல் குண்டு தவறியது. அடுத்ததற்கு அண்ணன் அளந்த மருந்து தரையில் சிந்தியது. அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்த் துப்பாக்கியை வாங்கினார். மருந்தை அளந்து கொட்டி, துணியின் மேல் குண்டை வைத்து, அது அடியில் போய் உட்காரும்வரை கம்பியால் நிதானமாகத் தள்ளினார். "நீங்கள் சுட்டால் போதும்," என்று கணவரிடம் கொடுத்தார். அடுத்த இரண்டும் பட்டன.

மேலாளர் என்ன ரகசியம் என்று கேட்டார். அக்கா அவர் சட்டைக் கையை விரலால் தடவிப் பார்த்து, "இதுவும் நல்ல துணிதான் ஐயா. ஆனால் கஞ்சி அதிகம்," என்றார். முதலில் சிரித்தவர் மேலாளர்தான். வேலை அண்ணனிடமே இருந்தது.

அதற்குப் பிறகு அக்கா தானும் ஒரு முறை சுட வேண்டும் என்றார். சுட்டார். குண்டு பலகைக்கு வெகு மேலே பறந்து கரும்புக்குள் போய்விட்டது. முகமெல்லாம் கரியோடு, ஊரே பார்க்கப் புல்லில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

குறி தவறியவர் அப்படிச் சிரித்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பை நான் வைத்துக்கொள்கிறேன்.