முதல் புகை

பாத்வெல் ஊரில் லிண்டனின் விறகு அடுக்கைப் பார்க்காதவர் கிடையாது; அதிலிருந்து ஒரு கட்டை எரிந்து பார்த்தவரும் கிடையாது. ஊர்க் கவுன்சிலில் சாலை சமன்செய்யும் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர். சாலையில் வராத மட்டம் அவருக்கு விறகில் வந்திருந்தது. தெருவைப் பார்த்து நின்ற அந்தத் தைலமரக் கட்டைச் சுவரை வைத்து ஏழு வருடம் குளிர்காயலாம். ஆனால் எரிப்பதென்னவோ கொல்லையில் கிடக்கும் கோணல் கட்டைகளை. அதுவும் ஏப்ரல் இருபத்தைந்து, போர்வீரர் நினைவு நாளன்று விடியற்காலை அஞ்சலி முடிந்து வீடு திரும்பிய பிறகுதான்.

ஏப்ரலிலேயே குளிர் இறங்கிவிடும் ஆஸ்திரேலியத் தென்கோடி தாஸ்மேனியாவில், அதற்கு முன்னால் கணப்பு மூட்டுவது குற்றமில்லை. குற்றமாயிருந்தால் அபராதத்தோடு போயிருக்கும். எந்த வீட்டுப் புகைபோக்கி முதலில் புகைந்தது என்பது அடுத்த கோடை வரைக்கும் ஊருக்குப் பேச்சு. எதிர்வீட்டு பெர்னிஸ் ஏப்ரல் மாதம் முழுக்கத் தெருச்சன்னலைத் துடைத்துக்கொண்டே இருப்பார். பத்தொன்பது வருடமாக லிண்டன் அவருக்குத் தீனி போட்டதில்லை. மனைவி விட்டுப்போய் வெகுகாலம் ஆகிறது. மின்சாரச் சூடு வைத்த வீட்டில் சௌக்கியமாக இருப்பதாகக் கேள்வி.

இப்படிப்பட்டவர், அண்ணன் மகன் கல்யாணத்துக்கு வடக்கே டவுன்ஸ்வில் போன இடத்தில், ரோசலினைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தார். வியர்வையைத் தவிர வேறெதையும் பருவநிலை என்று ஒப்புக்கொள்ளாத ஊர் அது. ரோசலின் அங்கே மீன்கடை நடத்தி ஓய்ந்தவர். "ரெண்டு வாரம் வந்து இருந்து பாக்கறேன். ஒத்துவந்தா மேல பேசலாம்" என்று சொல்லி, ஏப்ரல் தொடக்கத்தில் வந்து இறங்கினார். இரண்டாம் வாரச் சனிக்கிழமை விமானத்துக்குத் திரும்பும் சீட்டும் கையில் இருந்தது. அதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று லிண்டன் தினமும் வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து ஆவிதான் வந்தது. சமையலறைக்குள்ளேயே.

"இது குளிரே இல்ல" என்றார் லிண்டன். "இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கோ."

"போட்டிருக்கறதே மூணு. நாலாவது போட்டா கை மடங்காது. அப்புறம் டீய நீதான் ஊட்டி விடணும்."

லிண்டன் சும்மா இருக்கவில்லை. புகையில்லாமல் சூடு தரக்கூடிய அனைத்தையும் ஏவினார். வெந்நீர்ப்பைகள் வீடெங்கும் உருண்டன. கேக் சுட்ட அடுப்பின் கதவைத் திறந்துபோட்டு, அதன் முன்னால் இருவரும் நாற்காலி போட்டு, படம் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து நாயை இரவல் வாங்கி வந்து ரோசலின் காலடியில் படுக்க வைத்தார். அது சற்று நேரம் நடுங்கிப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்கே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மதியம் ரோசலின் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

"பெட்டி காலியா இருக்கே" என்றார் லிண்டன், ஒரு நப்பாசையில்.

"துணியெல்லாம் என் மேலதான் இருக்கு. உரிக்க பயமா இருக்கு." ரோசலின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "லிண்டன், நீ நல்ல மனுஷன். ஆனா வெளிய ஒரு காட்டையே அடுக்கி வெச்சுகிட்டு உள்ள நாயக் கட்டிப்பிடிச்சுக்கன்னு சொல்ற பாரு, அது எனக்குப் புரியல. உனக்கு நான் வேணுமா, அந்தத் தேதி வேணுமா?"

லிண்டன் வெளியே போனார். பட்டப்பகல். தெருவைப் பார்த்த அடுக்கின் முன் நின்று, நட்டநடுவிலிருந்து ஒரு கட்டையை உருவினார். மடமடவென்று பாதி அடுக்கு சரிந்து வேலியைத் தாண்டித் தெருவில் உருண்டது.

எதிர்ச்சன்னல் திறந்தது. "லிண்டன், இன்னைக்குத் தேதி தெரியும்ல?"

"தெரியும் பெர்னிஸ். பதினேழு."

"சும்மா கேட்டேன்."

ஒரு கூடை பொறுக்கிக்கொண்டு உள்ளே வந்து மூட்டினார். வருடக்கணக்கில் காய்ந்த கட்டை. தீக்குச்சியைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டது. பிறகு முற்றத்துக்குப் போய், தீர்ப்புக்குக் காத்திருப்பவர்போல் தன் புகையைப் பார்த்தபடி நின்றார். டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை, பெர்னிஸ் வீட்டுப் புகைபோக்கி புகைந்தது. அதையடுத்து மதுக்கடை. அதையடுத்துத் தபால்காரர் வீடு. நொடியில் தெருவே ரயில்நிலையம்போல் ஆனது. இத்தனை சீக்கிரம் பற்றுவதென்றால் எல்லா வீட்டிலும் சுள்ளி அடுக்கித் தீப்பெட்டியோடுதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"நீ நல்லா இருக்கணும்ப்பா" என்று மதுக்கடைக்காரர் தெருவில் உருண்ட கட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "எவன் மானம் கெட்டுப் போவான்னு மார்ச்சிலேருந்து காத்துகிட்டிருக்கோம்."

உள்ளே ரோசலின் ஒவ்வொன்றாக உரித்து ஒற்றைப் பூப்போட்ட கவுனுக்கு வந்திருந்தார். கணப்போ நடுத்தரம் அறியாத ஜாதி. வீடு டவுன்ஸ்வில்லையே தாண்டிக்கொண்டிருந்தது. உள்ளே வந்த லிண்டனும் பனியனோடு நின்று, காற்றுக்கு வாசற்கதவைத் திறந்து, நிலையில் சாய்ந்து மூச்சு வாங்கியபடி, "ரோசலின், நான் ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"உள்ள வந்து கேளு. கதவைச் சாத்து, சூடெல்லாம் போகுது பாரு."

கேட்டார். ரோசலின் சரி என்றார், அடுத்த வருடம் மார்ச் முதல் தேதியே மூட்டுவதானால். லிண்டனுக்கு வியர்த்தது. கல்யாணத் தேதியை ரோசலின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார். கணப்பு மூட்டும் தேதிக்கு மட்டும் இருட்டும் வரை பேரம் பேசி, ஏப்ரல் ஒன்று என்று முடித்தார்.