சந்தனத் தலை ஏலியன்

வெயிலில் காய்ந்த சந்தனத்துக்குத் தனி வாசனை உண்டு. புதிதாகக் குழைத்த சந்தனம் இல்லை... மொட்டைத் தலையில் பூசி, மதியம் வரை காய்ந்து, ஏரி மண்போல வெடித்து, வியர்வையோடு நெற்றியில் வழியும் சந்தனம். அந்த ஏலியன் படத்தைப் பற்றி இந்த வாரம் இந்தக் குழுவில் நீங்கள் எல்லாரும் எழுதியதைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது அந்த வாசனைதான்.

கோடை விடுமுறை, சைக்கிளில் சுற்றும் நாலு பிள்ளைகள், அவர்கள் ஒளித்து வைத்திருக்கும் ஒரு ஏலியன். "சின்ன வயசு ஞாபகம் வந்துடுச்சு" என்று பலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு இப்போதே பதினேழு வயதுதான். ஆனாலும் என்னிடமும் ஒரு "அப்போது" இருக்கிறது.

ஆறாம் வகுப்பு முடிந்த மே மாதம். எதிர்வீட்டு பார்கவிக்கு அப்போதுதான் மொட்டை போட்டிருந்தார்கள். தை மாதம் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் அம்மா முருகனுக்கு வேண்டிக்கொண்டது. எல்.கே.ஜி.யிலிருந்து நாங்கள் ஒரே பெஞ்ச்.

"ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள எவ்ளோ வளரும்டீ?" என்று கேட்டாள்.

நான் புத்தகத்தில் படித்திருந்தேன். "மாசத்துக்கு அரை இஞ்ச்" என்றேன். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து அரை இஞ்ச் எவ்வளவு என்று பார்த்தாள். முகம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து தலையில் துண்டு இல்லாமல் வெளியே வரமாட்டாள்.

அந்த வாரம்தான் படம் தமிழில் டிவியில் வந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடியிருந்தோம். பார்கவியும் வந்தாள், துண்டோடு.

ஏலியன் வந்தது. வழவழவென்று மொட்டைத் தலை, மஞ்சள் தோல், பெரிய கண். பிள்ளைகள் அதன் தலையில் துணியைப் போர்த்தி சைக்கிளில் ஏற்றினார்கள். நான் டிவியைப் பார்த்தேன்... பார்கவியைப் பார்த்தேன்... சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அதைவிடப் பெரிய பாராட்டு தெரியாது. எழுந்து நின்று கத்தினேன்.

"பார்கவி! அப்படியே நீதான்டீ! நம்ம தெருவுக்கு நீதான் ஏலியன்!"

யாரோ துண்டை இழுத்தார்கள். "ஏலியன், எந்த கிரகத்துல இருந்து வந்துகினு இருக்கற?" என்று ஒரே சிரிப்பு. பார்கவி செருப்பைக்கூடப் போடாமல் ஓடிவிட்டாள்.

மறுநாள் செருப்பை எடுத்துக்கொண்டு போனேன். அவள் அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். "அவ வெளிய வரமாட்டேன்றா கண்ணு. வேற ஸ்கூல்ல சேத்து வுடுன்னு அவங்க நைனாவ நச்சரிச்சிகினு இருக்கறா."

வீட்டுக்கு வந்து நாலு பக்கத்துக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். ஏலியன்கள் மனிதர்களைவிட எவ்வளவு அறிவாளிகள் என்பதற்கே அதில் ஒன்றரைப் பக்கம்... பதில் வரவில்லை.

வைகாசிக் கிருத்திகை அன்று காலை அவள் நைனாவின் ஆட்டோ எங்கள் வாசலில் நின்றது.

"ஏறு பாப்பா. இவ மூஞ்சிய தூக்கிகினு உக்காந்தா எனக்கு வண்டி ஓட்டவே தோணல. ரெண்டு பேரும் முருகன் மலைக்குப் போயிட்டு வாங்க."

பின்சீட்டில் பார்கவி. துண்டு. முகம் வேறு பக்கம்.

படிக்கட்டு அடியில் இறக்கிவிட்டார். அவள் இரண்டு படி முன்னால் ஏறினாள், நான் பின்னால். பாதி மலையில் கூட்டம் எதிரே இறங்க ஆரம்பித்தது. குடும்பம் குடும்பமாக மொட்டை. அப்பா, அம்மா, இடுப்பில் கைக்குழந்தை, எல்லார் தலையிலும் ஈரச் சந்தனம். ஒரு அக்கா, பூ வைக்க முடியில்லாமல் மல்லிகைச் சரத்தைக் கையில் சுற்றிக்கொண்டு இறங்கினார். பார்கவியை ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் நின்றாள். படிகளை மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். துண்டை மெதுவாக உருவி இடுப்பில் கட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னா பாக்கற? இங்க மொத்தமும் எங்க ஆளுங்கதான். ரெட்டை ஜடை போட்டுகினு நீ ஒருத்திதான் நிக்கற. எந்த கிரகம்டீ நீ?"

"பூமி" என்றேன்.

பக்கத்தில் ஒரு அம்மா குழந்தைக்குப் பூசிக்கொண்டிருந்த சந்தனத்தில் கொஞ்சம் கேட்டு வாங்கி, என் வகிட்டில் அப்பினாள் பார்கவி.

"பயப்படாத. நாங்க உன்ன ஒண்ணும் பண்ணமாட்டோம்."

மூன்று முறை தலைக்குக் குளித்தும் வாசனை போகவில்லை. பள்ளி திறந்த அன்று அதே பெஞ்ச். யாரோ "ஏலியன்" என்று ஆரம்பித்ததும் பார்கவி என்னைக் கைகாட்டினாள். "நான் இல்ல, இவ."

இந்த வாரம் அந்தப் படத்தை முதல்முறையாகக் கடைசி வரை பார்த்தேன், போனில், தனியாக. அன்று அவள் ஓடியதும் நான் டிவியை அணைத்துவிட்டேன். ஏலியன் இப்போது ரப்பர் பொம்மைபோலத்தான் தெரிகிறது. விண்கலம் கிளம்பும் இடத்தில் அழுததாக எழுதியிருந்தீர்கள். நான் அழுதது அதற்கு முன்பே... அதன் தலையில் துணியைப் போர்த்தும் இடத்தில்.

பார்கவிக்கும் அந்தக் காட்சியை அனுப்பினேன். அவளுக்கு இப்போது இடுப்பு வரை முடி. அதே பள்ளியில் காமர்ஸ் குரூப். நான் பயாலஜி. சாயங்காலம் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அய்ய, இதுவாடீ நானு?" பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம். எனக்குத் தெரியாத அவளுடைய தோழிகள்.

இப்போது அவளும் ரெட்டை ஜடைதான். இருவருமே பூமியில்தான் இருக்கிறோம்... வேறு வேறு கட்டடங்களில்.