பயத்தங்காய்ப் பாத்திக்கு ஒரு வேலி

டாக்டர் குணபூசணி டீன் ஆன அன்று, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவர் வீடு கொள்ளாத கூட்டம். மாலை என்ன, கேக் என்ன! "வேளாண் கல்லூரிக்கே தலைவி, இனி நீங்க வெச்சதுதான் சட்டம்" என்று ஆளாளுக்கு வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போனார்கள். வெச்சதுதான் சட்டமாம்! அங்கே ஒரு தண்ணீர்க் குழாயைத் திருகக்கூட அந்த அம்மாவுக்கு அதிகாரம் இல்லை என்பது வந்த யாருக்கும் தெரியாது.

கல்லூரி என்றால் தனிக் கல்லூரி இல்லை. கோலாலம்பூருக்குத் தெற்கே பெரிய பல்கலைக்கழகம், அதற்குள்ளே ஒரு மூலை. சட்டமும் கணக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கு என்ன விதியோ, செடிக்கும் அதே விதி. செமஸ்டர் லீவு விட்டால் பம்ப்பு ஷெட்டையும் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். செடி என்ன, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கா போகும்? குணபூசணி கத்தாத நாள் இல்லை. "லீவு நாள்ல ஆள் போட ஆர்டர் இல்லை டாக்டர்" என்பார் பதிவாளர். அந்த மனுஷன் குரலை உயர்த்திப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

இத்தனைக்கும் நடுவில் அந்த அம்மாவின் உயிர் ஒரு பாத்தியில் இருந்தது. பயத்தங்காய்ப் பாத்தி. கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் அப்போது ஒரு நோய் பரவி, பயத்தங்காய்க் கொடியெல்லாம் இலை சுருங்கி, மஞ்சள் பூத்து, காய்க்கும் முன்னே செத்துக்கொண்டிருந்தது. அந்த நோயைத் தாங்கி நிற்கிற ஒரு விதையை எடுத்துத் தோட்டக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஓய்வு பெறுவேன் என்று குணபூசணி பிடிவாதமாக இருந்தார். தாங்கின கொடியின் விதையை மட்டும் பொறுக்கி நட்டு, அதிலும் தாங்கினதை மறுபடி பொறுக்கி, மூன்று வருஷ உழைப்பு. வரிசைக்கு ஒரு குச்சி, குச்சிக்கு ஒரு எண். எந்த வரிசை தாங்கும் என்பது இந்த அறுவடையோடு முடிவாகிவிடும். ஓய்வு பெற வேண்டிய ஐம்பத்தைந்து வயது முடிய இன்னும் சில மாதம்தான், அடுத்த வாய்ப்பு கிடையாது.

வேலி வேண்டும் என்று கேட்டார். வெள்ளாமைக்கு வேலி கேட்பது அதிசயமா? மாணவர்கள் ஹாஸ்டலுக்குக் குறுக்கு வழியாக நடக்கிறார்கள், பந்து வந்து விழுகிறது. துணைவேந்தர் நல்ல மனுஷன், உடனே சரி என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவேண்டாமா? பதிவாளர் ஆவணத்தைப் பிரித்தார். அந்த இடம் புல்வெளி என்று பதிவாகியிருக்கிறது, புல்வெளிக்கு வேலி போட விதி இல்லை என்றார். "அது என் லேப்" என்றார் குணபூசணி. விஷயம் குழுவுக்குப் போனது. குழுவில் ஒரு சட்டப் பேராசிரியர், "லேப்னா கூரை இருக்கணுமே" என்று சிரித்தார்.

"கூரை போட்டா செடிக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும், உங்க தலையிலிருந்தா?" என்று கேட்டுவிட்டார் அந்த அம்மா. பேராசிரியருக்கு வழுக்கை. அதோடு வேலிப் பேச்சு நின்றது.

சரி, புல்வெளி என்று எழுதிவைத்தீர்களே, புல்லையாவது வெட்டினீர்களா? அதுவும் இல்லை. பாத்தியைச் சுற்றி லாலாங் புல் இடுப்பளவு, உள்ளே பாம்பு. புல்வெட்டும் பிரிவுக்கு மேஸ்திரி வேலாயுதம். போன் போட்டால், "வரேன் டாக்டர், வரேன் லா, ஆள் பத்தல" என்பார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஒரு நாள் பொறுமை போய், "நான் ரிட்டையர் ஆகறதுக்குள்ள ஒரே ஒரு தடவை, அந்த இடத்தைச் சுத்தமா வெட்டிக் குடுப்பீங்களா வேலாயுதம்?" என்று போனிலேயே கத்தினார்.

பட்டமளிப்பு விழா நெருங்கியது. அந்த வருஷம் சுத்தமான கல்லூரி வளாகத்துக்கு ஒரு வெற்றிக் கோப்பை என்று அறிவித்திருந்தார்கள். குணபூசணி காதில் வாங்கவே இல்லை. விதைக்கு விடுகிற பயத்தங்காயைப் பச்சையில் பறிக்கக்கூடாது. கொடியிலேயே காய்ந்து, தோல் சுருங்கி, ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். பார்க்கிறவனுக்குச் செத்த கொடி, அவருக்கு அதுதான் பொன். "இன்னும் ரெண்டு நாள் காயட்டும் மேடம், திங்கக்கிழமை பறிச்சிடலாம்" என்றார் தோட்ட உதவியாளர் சபாபதி. அந்த அம்மாவும் தலையாட்டினார்.

விழா சனிக்கிழமை. மேடைக்குப் போகும் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, பாத்தியை ஒரு கண் பார்த்துவிட்டுப் போவோம் என்று காலையில் காரைத் திருப்பினார்.

பாத்தி இல்லை. அங்கே வழித்துவிட்ட தரை இருந்தது. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அதேதான். வேலாயுதம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"பாத்தீங்களா டாக்டர்! லீவு நாள்லயும் ஆளைக் கூட்டியாந்து உங்க இடத்தைத்தான் மொதல்ல முடிச்சேன். செத்த கொடியெல்லாம் குச்சியோட பிடுங்கி லோரியில ஏத்தியாச்சு. எத்தனை வருஷம் திட்டினீங்க, இன்னிக்காவது சிரிங்க."

"கொடி எங்க?" என்றார் குணபூசணி.

லோரி கொட்டிய குப்பைக் குழியில் கிடந்தது. அங்கியோடு உள்ளே இறங்கிவிட்டார். சபாபதியும் சேதி கேட்டு ஓடிவந்து இறங்கினார். காய் கிடைக்காமல் இல்லை, கை நிறையக் கிடைத்தது. ஆனால் குச்சி ஒரு பக்கம், கொடி ஒரு பக்கம். எது தாங்கின வரிசை, எது தாங்காத வரிசை? பயறு வாயைத் திறந்து சொல்லுமா? அந்த அம்மா ஒரு காயை உடைத்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். எல்லாம் ஒரே நிறம். ஐயோ என்று அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

வேலாயுதத்துக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் செத்துவிட்டது. "எனக்கு யாரும் சொல்லலையே டாக்டர்."

"சொன்னேன். உங்களைத் தவிர எல்லார்கிட்டயும் சொன்னேன்" என்றார் அந்த அம்மா.

அன்று மேடையில் துணைவேந்தர், இவ்வருடம் மிகச் சுத்தமான வளாகம் வேளாண் கல்லூரிதான் என்று அறிவித்தார். கைதட்டல். பதிவாளரும் தட்டினார். சேறு படிந்த அங்கியோடு குணபூசணி எழுந்து போய்க் கோப்பையை வாங்கினார். வீட்டில் கணவர் விநாயகமூர்த்தி, ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், கோப்பையைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தார். "ஹால்ல வெக்கலாமா?" என்றார். "கண்ணுல படாத இடத்துல வைங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா அறைக்குள் போய்ப் படுத்துவிட்டார். மனுஷன் ஒன்றும் புரியாமல் கோப்பையோடு நின்றார்.

மறுபடி முதலிலிருந்து பொறுக்கினால் மூன்று வருஷம். பணி நீட்டிப்பு கேட்டார். எதற்கு என்றார் பதிவாளர், அதே மெல்லிய குரலில். ஆராய்ச்சி எந்த நிலத்தில், அது புல்வெளி ஆயிற்றே என்றார். குணபூசணி வாழ்நாளில் முதல் தடவையாகச் சண்டை போடாமல் எழுந்து வந்தார். கலந்துபோன பயறைக் கிள்ளான் தோட்டக்காரர்களிடம் கொடுத்து, "நட்டுப் பாருங்க, எதுக்கும் நான் பொறுப்பில்லை" என்றார். அவ்வளவு வருஷத்துக்கும் சேர்த்து அதைத்தான் அவரால் சொல்ல முடிந்தது.

ஓய்வு பெற்றுச் சில மாதம் கழித்து, விட்டுவந்த புத்தகங்களை எடுக்கப் போனார். கால் தானாகப் பாத்திப் பக்கம் போனது. போனவர் அப்படியே நின்றுவிட்டார். வேலி! பச்சை பெயின்ட் அடித்த கம்பி வேலி, கதவு, பூட்டு எல்லாம். உள்ளே வேலாயுதம் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது செமஸ்டர் லீவு. அந்த அம்மாவைக் கண்டதும் அவசரமாகக் குழாயை மூடினார்.

"வேலி போட்டுட்டாங்க டாக்டர்" என்றார். "கோப்பை வாங்கின இடமாம், யாரும் மிதிக்கக் கூடாதாம். லீவு நாள்லயும் தண்ணி ஊத்தச் சொல்லி ஆர்டர்."

குணபூசணி கம்பியைப் பிடித்துக்கொண்டார். "என்ன போட்டிருக்கீங்க?"

வேலாயுதம் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"புல்லு டாக்டர்."