பச்சைத் தமாலே வாங்கும் அம்மாள்

தவலையின் மூடியைத் தூக்கும்போதே எடெல்மிராவின் வாயும் திறந்துகொள்ளும். "வா ராசா, பச்சைச் சட்னியா, மோலேக் குழம்பா, இனிப்பா? வக்கீலய்யா, கேஸு தோத்த மூஞ்சியோட நிக்காதீங்க, ரெண்டா வாங்குங்க!" சோளமாவைச் சோளத்தோலில் பொதிந்து அவித்த தமாலே அவள் கையால் வேண்டும் என்று குடும்ப நீதிமன்றமே அவள் வாசல் கடையில் வரிசை கட்டி நிற்கும்.

அவள் விற்க வந்தவள் அல்ல, வழக்குக்காரி. மகன் உலிசெஸைப் புருஷன் தன் தாய் வீட்டில் கொண்டுபோய் வைத்துக்கொண்டான். சனிக்கிழமைகளில் மட்டும், காவலுக்கு ஆள் நிற்க, பார்த்துவிட்டு வரலாம். பெற்ற வயிறு சும்மா இருக்குமா? பிள்ளையைக் கேட்டு வழக்குப் போட்டாள். அப்போது அவனுக்கு முன்பல் விழுந்திருந்தது. இப்போது அவள் தோளுக்கு வந்துவிட்டான். இங்கேயே காத்துக் கிடப்பதற்கு அடுப்பையாவது மூட்டலாமே என்று ஒருநாள் தவலையோடு வந்தவள்தான்.

இங்கே எல்லாம் காகிதம். எழுதி உள்ளே போகும், எழுதி வெளியே வரும். வாக்குமூலத்தைக்கூட குமாஸ்தாதான் தட்டச்சு செய்வார். வழக்குக்காரர்களில் நீதிபதியின் முகத்தைக் கண்டவர் இல்லை. மெக்சிகோ முழுவதற்கும் ஒரே நடைமுறை, நீதிபதியே எதிரில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது. பக்கத்து மாநிலத்தில் தொடங்கியும் விட்டார்கள். இந்த மாநிலத்தில் தள்ளிவைத்தார்கள், பிறகு அதையும் தள்ளிவைத்தார்கள்.

நீதிபதி நேரில் கேட்கும் அந்த நாளுக்காக எடெல்மிரா வாடிக்கையாளர்களிடமே ஒத்திகை பார்ப்பாள். "ஜட்ஜம்மா, எம்புள்ள தூக்கத்துல கையத் தேடுவான். அங்க யாரு குடுப்பா?" முக்கியமாக, கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக்கொண்டு காலையில் முதல் ஆளாக வரும் அம்மாளிடம். பச்சைத் தமாலே ஒன்று வாங்கிக்கொண்டு பொறுமையாகக் கேட்பாள். "அழாம, நிதானமாச் சொல்லுங்க எடே," என்று பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டு யோசனைகூடச் சொல்லியிருக்கிறாள்.

நேற்று குமாஸ்தா அர்னுல்ஃபோ வந்தான். "அக்கா, இந்த வருஷமும் இல்லையாம். சட்டம் குடுத்த கடைசித் தேதி வரைக்கும் இழுக்கப் போறாங்க."

"நாசமாப் போக! அப்ப எங்க ஜட்ஜு மூஞ்சிய நான் எப்பத்தான் பாக்கறது?"

மென்றுகொண்டிருந்தவன் நிறுத்தினான். "என்னக்கா விளையாடறீங்களா? இப்பத்தானே அவங்களுக்குப் பச்சைத் தமாலே கட்டிக் குடுத்தீங்க?"

"யாருக்கு?"

"கோர்தெரோ அம்மாவுக்கு. உங்க கேஸு அவங்ககிட்டதான இருக்கு!"

தவலை மூடி கைநழுவித் தரையில் உருண்டது. "குவாதலூப்பே மாதாவே! எல்லாத்தையும் அவங்ககிட்டயே சொல்லியிருக்கேனே!"

"கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கீங்க," என்றவன் குரலைத் தாழ்த்தினான். "அந்தக் கேஸ்காரி நீங்கதான்னு அவங்களுக்கும் தெரியாது. இனிமே மூச்சு விடாதீங்க. நீங்க தனியாப் பேசுனது எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தெரிஞ்சா, ஜட்ஜையே மாத்தச் சொல்லுவான். மறுபடி முதல்லேர்ந்து."

மறுபடி முதலிலிருந்து! பிள்ளைக்கு மீசை முளைத்துவிடும். எடெல்மிரா நேற்று அதற்குமேல் எதுவும் விற்கவில்லை.

இன்று காலை முதல் ஆளாக அந்த அம்மாள் வந்து நின்றாள். "என்ன எடே, இன்னிக்குப் பையன் கதை இல்லையா?"

எடெல்மிரா பச்சைத் தமாலேயைக் காகிதத்தில் சுற்றினாள். தவலையை அழுத்தி மூடினாள். பொட்டலத்தை நீட்டினாள். அம்மாள் மறுமுனையைப் பிடித்தாள். எடெல்மிரா விடவில்லை.