சட்டம் சாரின் ஓட்டு

கட்டைவிரலை மடக்கிக்கொண்டு, சுண்டுவிரல் நுனியால்தான் ஃபோன் திரையைத் தள்ளுவார் மனிதர். கைதவறி எதற்காவது லைக் விழுந்து தொலைத்தால்? பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். குடியிருப்பில் எல்லாருக்கும் 'சட்டம் சார்'. அமைச்சரைக் கிண்டல் செய்த ஒரு ஜோக்குக்குச் சிரிப்புப் பொம்மை போட்டதற்காகப் பக்கத்து மேசைக்காரருக்கு மெமோ வந்ததைக் கண்ணால் பார்த்தவர். அன்றிலிருந்து வீட்டிலும் அரசு ஊழியர்தான். "தூக்கத்துல கூட டியூட்டியிலதான் இருப்பாரு" என்பாள் மனைவி.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை வணக்கத்தோடு ஒரு பூ அனுப்புவார். வெள்ளைப் பூ மட்டும். "மத்த கலர்ல எல்லாம் ஏதாவதொரு கட்சி உக்காந்திருக்குங்க" என்று சொல்லித் தானே குலுங்கிச் சிரிப்பார். இப்படி வாழ்வதில் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. நிம்மதியான மனிதர்.

அந்த நிம்மதியில்தான் மனைவி குண்டைத் தூக்கிப் போட்டாள். குழாயில் தண்ணீர் வராத கோபத்தில் வார்டு தேர்தலில் சுயேச்சையாக நின்றுவிட்டாள். அரசு ஊழியர் பிரசாரம் செய்யக் கூடாது, பெண்டாட்டிக்கே ஆனாலும். தெருவே அவள் படத்தைப் பகிர்ந்தது. இவர் சுண்டுவிரலால் நைசாகக் கடந்து போனார். அவளுடைய ஆட்கள் வந்தால் டீ போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளறைக்குப் போய்விடுவார். எதிர்வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வந்தபோதும் அதே டீதான், அதே உள்ளறைதான். என்ன மனுஷனோ!

"'உங்க புருஷனுக்கே உங்க மேல நம்பிக்கை இல்லையா'ன்னு கேக்கறாங்க. ஒரு வார்த்தை பேசினா வாயில முத்து உதிர்ந்துடுமா?" என்று ஒரு நாள் அழுதேவிட்டாள்.

"முத்து இல்லம்மா, வேலை போயிடும்" என்றார்.

வாக்குப்பதிவு அன்று பள்ளிக்கூட வாசலில் முதல் ஆளாக, இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். ஓட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தார். சாலையோரம் நின்றிருந்த மனைவி அடக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்: "எனக்குத்தானே போட்டீங்க?"

வரிசை மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டது.

"அதெல்லாம் ரகசியம். சொல்லக் கூடாது."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் முகம் விழுந்துவிட்டது.

நடக்கத் தொடங்கியவர் நின்றார். விடியற்காலை அவசரத்தில் கட்டிய அவள் புடவையின் கொசுவம் கலைந்து மண்ணில் புரண்டுகொண்டிருந்தது. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, சட்டம் சார் அவள் காலடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மடிப்பு மடிப்பாக அதை நீவிவிடத் தொடங்கினார்.